கரிந்த கரையும் விருந்தினர் கடனும்



'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். புதிதாய் வருவோரைப் பேணும் கடமையைத் தமிழ் இலக்கியம் விரிவாகப் பேசியிருக்கிறது. வருவோருக்கும் ஒரு கடமை உண்டு என்பதை உணர்த்துகிறது, ஆஸ்திரேலியாவின் மல்லகூட்டா என்னும் கடற்கரைச் சிற்றூர்.

விக்டோரியா மாநிலத்தின் கிழக்குக் கோடியில், குரோஜிங்கலோங் தேசியப் பூங்காவின் காட்டுக்கும் கடலுக்கும் இடையே அமைந்தது அவ்வூர். நிலையாக வாழ்வோர் ஏறத்தாழ 1,000 பேர். கோடை விடுமுறையில் அத்தொகை பல மடங்காகும். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் வரக் காட்டினூடே செல்லும் ஒரே சாலைதான் உண்டு.

2019 டிசம்பர் 31 அன்று காட்டுத்தீ அவ்வூரைச் சூழ்ந்தது. காலைப்பொழுது நள்ளிரவாய் இருண்டது. பின்னர் வானம் குருதி நிறம் கொண்டது. ஏறத்தாழ 4,000 பேர் நீர்க்கரையில் ஒதுங்கினர். ஊரார், விருந்தினர் என்ற வேறுபாடு அங்கே மறைந்தது. காற்றுத் திசை மாறியதால் ஊரின் பெரும்பகுதி தப்பியது. எனினும் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. சாலை அடைபட்டமையால், 2020 ஜனவரி 3 அன்று சூல்ஸ், சிகமோர் என்னும் இரு கப்பல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றன.

அன்று விருந்தினரின் கடமை, ஊரை விட்டு அகல்வது. இருக்கும் உணவும் நீரும் ஊராருக்கு மிஞ்சவேண்டும் அல்லவா? ஆனால், தீ அடங்கிச் சாலை திறந்தபின் அக்கடமை தலைகீழாகிறது. கோடை வருவாயை நம்பியிருந்த விடுதிக்காரரும் கடைக்காரரும் வெறும் கல்லாவுடன் காத்திருந்தனர். இத்தகைய ஊர்களுக்காகவே 2020 ஜனவரியில் 'எம்ப்டி எஸ்கி' என்னும் இயக்கம் தோன்றியது. ஐஸ் பெட்டியை வெறுமையாக எடுத்துச் செல்லுங்கள், வேண்டிய பொருளை அவ்வூர்க் கடைகளிலேயே வாங்கி நிரப்புங்கள் என்பதே அதன் வேண்டுகோள். வெறுங்கையுடன் விருந்துக்குப் போவது சிறுமை என்பது வழக்கு. அங்கோ வெறும் பெட்டியே சிறந்த கையுறையாயிற்று. அதுவும் நீடிக்கவில்லை. மார்ச்சு மாதம் கொரோனாக் கட்டுப்பாடுகள் வந்தன. ஜூலையில் அண்டை மாநில எல்லையும் மூடப்பட்டது.

தீக்குப்பின் அங்குச் செல்பவர் கண்ணில் முதலில் படுவது பசுமை. கரிந்த யூகலிப்டஸ் மரங்கள் பட்டையைப் பிளந்து அடிமுதல் துளிர்க்கும். பேங்க்சியாவின் வன்காய்கள் வெப்பத்தால் வாய்திறந்து விதை சிந்தும். அதைக் கண்டு, 'எல்லாம் மீண்டுவிட்டது' என்று சொல்லிவிடலாகாது. காட்டுக்குத் தீ பழகிய ஒன்று, வீட்டுக்கு அப்படியன்று. மரம் சில வாரங்களில் துளிர்க்கும்; வீடிழந்தவர் மீண்டும் கூரை காண ஆண்டுகள் ஆகும்.

ஆகவே, சாம்பல் மேட்டைப் படம் பிடிப்பதற்காக ஒருவர் அங்கே செல்லவேண்டாம். ஓரிரவு தங்கட்டும், ஒரு ரொட்டியேனும் விலை கொடுத்து வாங்கட்டும், ஊரார் பேசினால் செவிமடுக்கட்டும், பேசாவிடில் அந்த மௌனத்தை மதிக்கட்டும். அடுத்த கோடையிலும் மறவாது செல்லட்டும். முதன்முறை செல்பவர் விருந்தினர். மீண்டும் செல்பவரே உறவினர்.