சரக்கு வந்தால்தான் நிலையம்



விண்வெளி என்றதும் ராகேஷ் சர்மா, கல்பனா சாவ்லா, சுபான்ஷு சுக்லா என்று போனவர்களின் முகங்கள் நினைவுக்கு வரும். மேலே இருப்பவர்களுக்குச் சோறும் தண்ணீரும் சுமந்துபோன கலங்களை யாரும் கேட்பதில்லை. இன்றைய பேச்சு அவற்றைப் பற்றியது.

1978 ஜனவரியில் சோவியத் நாடு புரோகிரஸ்-1 என்ற ஆளில்லாக் கலத்தைச் சல்யூத்-6 விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. உணவோடு எரிபொருளும் போயிற்று. அதுவரை, முதலில் ஏற்றிய இருப்பு தீர்ந்தால் நிலையத்தின் கதையும் முடிந்தது.

சரக்கு வராவிட்டால் என்ன ஆகும்? 2014 அக்டோபர் 28 அன்று, பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கான சரக்கோடு அமெரிக்காவின் சிக்னஸ் கலம் புறப்பட்ட சில நொடிகளில் ராக்கெட்டோடு வெடித்தது. 2015 ஏப்ரலில் ரஷ்யப் புரோகிரஸ் கட்டுப்பாடிழந்தது. ஜூன் 28 அன்று அமெரிக்காவின் இன்னொரு சரக்குக் கலமான டிராகனும் சிதறியது. எட்டு மாதத்தில் மூன்று. ஆனாலும் மேலே யாரும் பட்டினி கிடக்கவில்லை. பல மாத இருப்பு கையில் இருந்தது. ஜூலை 5 அன்று அடுத்த புரோகிரஸ் போய்ச் சேர்ந்தது. ஆகஸ்டில் ஜப்பானியக் கலம் வந்தது. ஒரே நாட்டை, ஒரே ராக்கெட்டை நம்பியிருந்தால் நிலையத்தைக் காலி செய்ய வேண்டி வந்திருக்கும்.

2020 அக்டோபரில் போன சிக்னஸ் கலத்துக்குக் கல்பனா சாவ்லாவின் பெயர். உள்ளே புதிய கழிப்பறை ஒன்றும் முள்ளங்கி விதைகளும் இருந்தன. சரக்கை இறக்கியபின் குப்பையை ஏற்றிக்கொண்டு, 2021 ஜனவரியில் வளிமண்டலத்தில் எரிந்துபோனது. இத்தகைய கலங்களின் விதியே அதுதான். வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது உயிரிழந்தவரின் பெயரை அதற்கு வைத்தவர்கள் இதை யோசித்தார்களோ என்னவோ.

இனி நம் கதை. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60, விண்ணில் ஒன்றோடொன்று இணைந்து பார்ப்பதற்கான, தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. அந்த ராக்கெட்டின் கடைசி அடுக்கில் தட்டைப்பயறும் முளைத்தது; செய்தித்தாள்கள் பயறையும் கொண்டாடின. எனக்குப் பெரிதாகப் பட்டது இணைப்பு; நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோக அந்த வித்தை வேண்டும். மணிக்கு 27,000 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும் இரண்டு கலங்கள், ஒன்றையொன்று நொடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் நெருங்க வேண்டும். மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவே வண்டியை நுழைத்து வந்தவர்களுக்கு அந்தப் பதற்றம் கொஞ்சம் புரியும். இருமுறை தள்ளிப்போட்டார்கள். ஜனவரி 12 அன்று மூன்று மீட்டர் வரை நெருங்கிவிட்டு விலகினார்கள். 16 அன்று இரண்டும் இணைந்தன. மார்ச்சில் பிரித்து, ஏப்ரலில் மறுபடி சேர்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரமும் அனுப்பிப் பார்த்தார்கள். நெருங்கிவிட்டு விலகிய அந்த நாளைத்தான் நான் மெச்சுவேன், அவசரப்படவில்லை.

2035-க்குள் நமக்கென ஒரு நிலையம், அதன் முதல் பகுதி 2028-இல் என்பது திட்டம். அதற்கான சரக்குக் கலத்தைப் பற்றிய பேச்சு பொதுவெளியில் போதாது என்பது என் குறை. ஸ்பேடெக்ஸின் இணைப்பு வளையம் 450 மில்லிமீட்டர். ஆள் செல்லும் கலங்களுக்கு 800 வேண்டும். அந்தப் பெரிய வளையத்தை உலகத் தரத்துக்கே அமைத்துக்கொண்டால், நம் கலம் ஒன்று தவறும் மாதத்தில் வேறொரு நாட்டின் கலம் நம் வாசலில் வந்து நிற்க வழியிருக்கும். நிலையத்தின் இரண்டாவது பகுதிக்குப் பணம் ஒதுக்கும் முன்னால் இதைத் தீர்மானிக்க வேண்டும்.