எலும்பும் மூச்சுக்குழலும்: அறுவைச் செவிலியத்தில் இரு துறைகள் சந்திக்கும் இடம்

வாய்ப்புற்றுநோய்க்காகக் கீழ்த்தாடையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்த பின், அந்த இடத்தை நிரப்ப இன்று பெரும்பாலும் பயன்படுவது நோயாளியின் சொந்தக் கால் எலும்புதான். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. உடலின் பாரத்தைப் பெரிதும் தாங்குவது உள்பக்கத்துப் பெரிய எலும்பு. வெளிப்பக்கத்து மெல்லிய ஃபிபுலாவை அதன் தமனி, சிரையோடு சேர்த்து எடுத்து, தாடையின் வளைவுக்கு ஏற்பத் துண்டுபோட்டு இணைத்து, கழுத்தின் ரத்தக் குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் தைக்கிறார்கள். 1975-இல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர் குழுவினர் இந்த எலும்பை ரத்தக் குழாயோடு பெயர்த்து, எலும்பு சிதைந்துபோன காலைச் சீராக்கினார்கள். 1989-இல் அமெரிக்காவின் டேவிட் ஹிடால்கோ அதே உத்தியைத் தாடைக்குக் கொண்டுபோனார். கை கால் அறுவையில் பிறந்த ஒரு முறை தலை–கழுத்து அறுவைக்கு வந்து சேர்ந்த கதை இது. எலும்பு அறுவையையும் தலை–கழுத்து அறுவையையும் அறுவைச் செவிலியம் பற்றிய இக்கருத்தரங்கு ஒரே மேடையில் வைத்திருப்பதற்கு இப்படிப்பட்ட ஒரு நோயாளியே போதுமான காரணம்.

அறுவை முடிந்து வார்டுக்கு வரும் அவருக்குக் கழுத்தில் டிரக்கியாஸ்டமி குழாய், மூக்கில் உணவுக் குழாய், வாய்க்குள் உயிர் பிடிக்கக் காத்திருக்கும் ஃபிளாப் (ரத்தக் குழாயோடு பெயர்த்துப் பொருத்திய திசு), கழுத்திலும் காலிலும் டிரெய்ன், காலில் மாவுக்கட்டு ஸ்லாப் எல்லாம் இருக்கும். செவிலியர் கல்வி இவற்றைத் தனித்தனிப் பாடமாகத் தருகிறது. மருத்துவமனை தனித்தனி வார்டாக வைத்திருக்கிறது. அடிப்படைப் படிப்புக்குப் பிந்தைய பட்டயங்களிலும் அறுவை அரங்கம், எலும்பு, புற்றுநோய் என்று பாதைகள் பிரிந்தே போகின்றன. பிரிவு தவறில்லை, ஆழம் அப்படித்தான் கைவரும். ஆனால் இரவுப் பணியில் அந்தப் படுக்கையின் பக்கத்தில் நிற்பவர் ஒருவர்தான். காலைப் பார்க்கவும் கழுத்தைப் பார்க்கவும் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அறுவைக்கு முந்தைய பணி, பட்டியலில் டிக் போடும் வேலையாகச் சுருங்கிவிடுவதுண்டு. வெறும் வயிற்றில் இருப்பது பற்றிய அறிவுரையே எடுத்துக்காட்டு. திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் என்பது விதி. "எதுவும் சாப்பிடாதீங்க" என்று மட்டும் சொன்னால் நம் ஊரில் காபி சாப்பாட்டுக் கணக்கில் வருவதில்லை. விடியற்காலையில் ஒரு டம்ளர் உள்ளே போய்விடும். பால் சேர்ந்த காபிக்கும் 6 மணி நேர விதிதான் என்று காபியின் பெயரைச் சொல்லியே விளக்க வேண்டும். தாலி, மூக்குத்தி, மெட்டி ஆகியவற்றையும் முந்தின நாளே பேசி முடிப்பது நல்லது. கழுத்தில் கத்தி படும் அறுவையில் தாலிக்கு விலக்குத் தர முடியாது. வீங்கப்போகும் காலில் மெட்டி இருந்தால் விரலை இறுக்கும். கழற்றியவற்றை எழுதி, உறவினரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவதோடு, அந்த அம்மாவின் மனக்குறையைக் காதுகொடுத்துக் கேட்பதும் செவிலியர் வேலைதான்.

தலை–கழுத்து நோயாளியிடம் முதலில் பார்க்க வேண்டியது வாய் எவ்வளவு திறக்கிறது என்பது. வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆண்டுக்கணக்கில் மென்றவருக்கு வாயின் உட்புறம் நாராக இறுகி, இரண்டு விரல்கூட நுழையாத நிலை வரலாம். அப்போது வழக்கமான முறையில் மயக்கக் குழாய் செலுத்த முடியாது; விழித்த நிலையிலேயே ஃபைபர் ஆப்டிக் கருவியால் செலுத்த மயக்க மருத்துவர் ஆயத்தமாக வேண்டும். எலும்பு எடுக்கப்போகும் காலில் பாத நாடிகளைத் தொட்டுப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். சிலருக்குப் பாதத்துக்கு ரத்தம் தருவதே ஃபிபுலாவை ஒட்டிய தமனிதான். அவருக்கு அதை எடுத்தால் பாதம் போய்விடும். ஸ்கேனில் இது தெரிந்துவிடும் என்றாலும், அறுவைக்கு முன் நாடி எப்படி இருந்தது என்ற குறிப்பு இல்லாமல் பின்னால் ஒப்பிட வழியில்லை. முன்கையிலிருந்து ஃபிளாப் எடுப்பதாக இருந்தால் அந்தக் கையில் ஊசி குத்துவதும் ரத்தம் எடுப்பதும் கூடாது. கையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைப்பதே இதற்கு எளிய வழி.

அரங்கத்துக்குள் முதல் காவல் சரிபார்ப்புப் பட்டியல். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட இந்த 19 அம்சப் பட்டியல் தில்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டது. 2009-இல் வெளியான முடிவின்படி உயிரிழப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8-க்கும், சிக்கல்கள் 11-லிருந்து 7-க்கும் இறங்கின. பட்டியலை வாய்விட்டுப் படிக்காமல், அறுவை முடிந்த பின் மொத்தமாக நிரப்பும் பழக்கத்துக்கு அந்தப் பலன் கிடையாது. இடது வலது குழப்பம் எலும்பு அறுவையில் எப்போதும் காத்திருக்கும் ஆபத்து. ஃபிபுலா அறுவையில் எந்தப் பக்கத் தாடை, எந்தப் பக்கக் கால் என்று இரண்டு முறை கேட்க வேண்டியிருப்பதால் ஆபத்தும் இரட்டிப்பு.

செஃபசோலின் போன்ற தடுப்பு ஆன்டிபயாடிக், தோலைக் கீறுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போக வேண்டும். காலில் டூர்னிக்கே கட்டப்படுமானால், அது இறுகுவதற்கு முன்பே மருந்து முழுதும் உள்ளே போயிருக்க வேண்டும். ரத்த ஓட்டம் நின்ற காலுக்கு மருந்து போய்ச் சேராது. காற்றழுத்த டூர்னிக்கேயை 1904-இல் ஹார்வி குஷிங் அறிமுகப்படுத்தினார். நூற்றாண்டு கடந்தும் அதன் ஆபத்துகள் மாறவில்லை. பெரியவரின் தொடைக்குச் சிஸ்டாலிக் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 100 மி.மீ. கூடுதலாக வைப்பதும், 2 மணி நேரத்தைத் தாண்டாமல் இருப்பதும் பொது வழக்கம். ஒரு மணி நேரம் ஆனதும், பிறகு ஒவ்வொரு கால்மணிக்கும் நேரத்தை உரக்கச் சொல்வது சர்க்குலேட்டிங் செவிலியரின் பொறுப்பு. பட்டையின் கீழ் வைத்த பஞ்சில் ஸ்பிரிட் ஊறினால் தோல் வெந்துவிடும். ஓரத்தை ஒட்டி அடைத்த பிறகே தோலைச் சுத்தம் செய்ய வேண்டும்.

படுக்கவைக்கும் விதத்திலும் செவிலியர் கண் வேண்டும். கையை 90 பாகைக்கு மேல் விரித்தால் தோள் நரம்புக் கற்றை இழுபடும். முழங்காலின் வெளிப்பக்கம், ஃபிபுலாவின் தலையைச் சுற்றி வரும் நரம்பு அழுந்தினால் பாதம் தொங்கிப்போகும். ஃபிபுலா எடுத்த காலில் இதே நரம்புதான் கத்திக்கும் கட்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்கிறது.

இரு குழுக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இந்த அறுவையில் வாய்க்கு ஒரு டிராலி, காலுக்கு ஒரு டிராலி. வாய் கிருமிகள் நிறைந்த இடம். கால் சுத்தமான இடம். வாயில் பட்ட கருவி கால் டிராலிக்குத் திரும்பக் கூடாது. காஸ், ஊசி, கருவி எண்ணிக்கையும் இரண்டு கணக்காகப் போக வேண்டும். பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு எழுதினால் குழப்பம் வராது. தொண்டையில் அடைக்கும் நீளக் காஸ் இந்தக் கணக்கில் அடிக்கடி தப்பிவிடுகிறது. அதை வைப்பவர் பெரும்பாலும் மயக்க மருத்துவர், எண்ணுபவர் செவிலியர். மறந்து விடப்பட்டால் குழாயை எடுத்ததும் மூச்சு அடைபடும். வைத்ததும் பலகையில் எழுதுவது, நோயாளியின் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது, எடுத்ததும் எல்லோரும் கேட்கச் சொல்வது என்ற மூன்றும் இருந்தால் பாதுகாப்பு.

தலை–கழுத்து அரங்கில் நெருப்பும் ஒரு விருந்தாளி. ஆக்சிஜன், ஸ்பிரிட், டயதெர்மிப் பொறி மூன்றும் முகத்தைச் சுற்றி ஓரடிக்குள் இருக்கின்றன. ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடின் முடியற்ற தோலில் உலரக் குறைந்தது 3 நிமிடம் வேண்டும். தாடியும் மீசையும் இருந்தால் இன்னும் பல மடங்கு நேரமாகும். அது காயும்வரை துணி போர்த்தாமல் பொறுத்திருக்கச் சொல்ல ஸ்க்ரப் செவிலியருக்குத் துணிச்சல் வேண்டும்.

மூட்டு மாற்று அறுவையின் தனி அக்கறை கிருமி. ஜான் சார்ன்லி 1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்றைச் செப்பமாக்கிய காலத்தில், தொடக்கத்தில் ஏறக்குறைய 7 விழுக்காடு நோயாளிகளுக்குத் தொற்று வந்தது. சுத்தக் காற்று, தனி உடை, அரங்க ஒழுங்கு எல்லாம் சேர்ந்து அதை 1 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கின. அரங்கக் கதவு தேவையில்லாமல் திறந்து மூடுவதைத் தடுப்பதும் இந்த ஒழுங்கின் பகுதிதான். எலும்பு சிமென்ட் நிரப்பும் நொடியில் ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் சட்டெனச் சரியக்கூடும். "சிமென்ட் போடுகிறோம்" என்று மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அறுவைக்குப் பிந்தைய கவனிப்பில்தான் இரு துறைகளும் உண்மையில் மோதிக்கொள்கின்றன. காலில் தசை அறைக்குள் அழுத்தம் ஏறும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் எலும்பு வார்டின் பழைய எதிரி. முறிவு, இறுக்கமான மாவுக்கட்டு, நாட்டுக் கட்டு எதனாலும் வரும். ஃபிபுலா எடுத்த காயத்தை இறுக்கித் தைத்தாலும் வரும். சில மணி நேரத்தில் தசை மீளமுடியாமல் கெட்டுவிடும். நாடி கடைசிவரை தட்டுப்படும் என்பதால் நாடியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. முதல் அறிகுறி வலி: காயத்துக்குப் பொருந்தாத, மருந்துக்கு அடங்காத வலி, விரலை நீட்டிவிட்டால் துடிக்கவைக்கும் வலி.

ஆனால் கழுத்தில் குழாயோடு கிடப்பவரால் "கால் வலிக்குது" என்று சொல்ல முடியாது. முனகல்கூட வெளியே வராது. அவர் புரண்டு படுப்பதையும் குழாயைப் பிடுங்கப் பார்ப்பதையும் சளி அடைப்பு என்று எண்ணிச் சக்ஷன் போட்டு, தூக்கமருந்தும் கொடுத்துவிட்டால், கால் அமைதியாகச் செத்துவிடும். ஆகவே பெருவிரலைச் செவிலியரே மெல்ல நீட்டி, முகத்தைப் பார்த்து, மணிக்கு ஒரு முறை பதிவு செய்ய வேண்டும். சிலேட்டும் பல்பமும், எழுதத் தெரியாதவருக்குப் படம் போட்ட அட்டையும் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். "வலி காலிலா, கழுத்திலா? காலுன்னா ஒரு விரல் காட்டுங்கய்யா" என்று கேட்கும் முறையை அறுவைக்கு முன்பே, அவருக்குக் குரல் இருக்கும்போதே பழக்கிவிடுவது நல்லது. ஐயம் எழுந்தால் ஸ்லாபின் கட்டையும் பஞ்சையும் தோல்வரை வெட்டித் தளர்த்தி, காலை இதய மட்டத்தில் வைத்து, மருத்துவரை அழைக்க வேண்டும். வீக்கம் வடியட்டும் என்று உயரத் தூக்கிவைப்பது, குறைந்துபோன ரத்த ஓட்டத்தை இன்னும் குறைக்கும்.

ஃபிளாப்பைக் காப்பதிலும் இதே விழிப்பு. முதல் 24 மணி நேரம் மணிக்கு ஒரு முறையாவது நிறம், சூடு, அழுத்தி விட்டால் ரத்தம் திரும்பும் நேரம், டாப்ளர் ஒலி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெளுத்து, குளிர்ந்து, ரத்தம் திரும்பத் தாமதித்தால் தமனி அடைபட்டிருக்கலாம். நீலம் பூத்து, உப்பி, அழுத்தியதும் நொடியில் நிறம் திரும்பினால் சிரை அடைபட்டிருக்கலாம். இரண்டாவதுதான் ஏமாற்றும், வேகமாகத் திரும்பும் நிறத்தை நல்ல அறிகுறி என்று புதியவர்கள் எழுதிவிடுவதுண்டு. டிரக்கியாஸ்டமி குழாயைக் கழுத்தைச் சுற்றி நாடாவால் இறுக்கினால் அதுவே சிரையை அடைத்துவிடும் என்பதால், இவர்களுக்குக் குழாயைத் தோலோடு தைத்துவைப்பதே வழக்கம்.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல் உண்டு. கழுத்தெலும்புத் தட்டை முன்பக்கமாகத் திறந்து செய்யும் அறுவை, 1950-களில் ஸ்மித், ராபின்சன், கிளோவார்ட் ஆகியோர் வகுத்த வழி. பல இடங்களில் அதன் நோயாளி எலும்பு வார்டுக்குத்தான் வருகிறார். அங்கே கை கால் அசைவு நன்றாகப் பார்க்கப்படும்; கழுத்தில் ரத்தம் கட்டி மூச்சை அடைப்பது கண்ணில் படாமல் போகலாம். தைராய்டு அறுவைக்கும் இது பொருந்தும். குரல் மாறுவது, விழுங்கச் சிரமப்படுவது, படுக்க மறுத்து எழுந்து உட்காருவது ஆகியவை முன்னறிகுறிகள். மூச்சில் சீழ்க்கை ஒலி கேட்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தைராய்டு அறுவைக்குப் பின் இவ்வாறு ரத்தம் கட்டும்போது செய்யவேண்டியதைப் பிரிட்டனின் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட 2022 வழிகாட்டி ஐந்து படிகளாகச் சொல்கிறது: காயத்தை வெளிப்படுத்து, தையலை வெட்டு, தோலைத் திற, தசையைத் திற, காஸ் வைத்துப் பொதி. இதற்கான பெட்டி படுக்கைப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தையலை வெட்ட செவிலியருக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்விக்கு நம் மருத்துவமனைகள் பலவற்றில் எழுத்தில் விடை இல்லை. இக்கருத்தரங்கு விவாதித்தே ஆகவேண்டிய பொருள் இது.

டிரக்கியாஸ்டமி பராமரிப்பில் அடிப்படைகள் சில. கஃப் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரளவுக்குள் இருக்க வேண்டும். சக்ஷன் குழாய், உள்குழாயின் விட்டத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஒரு முறைக்கு 10 முதல் 15 நொடியே. அதே அளவில் ஒன்றும் ஓரளவு சிறியதில் ஒன்றுமாக மாற்றுக் குழாய்கள் தலைமாட்டில் தொங்க வேண்டும். குரல்வளை முழுவதும் நீக்கப்பட்டவர் வேறு வகை. 1873 டிசம்பர் 31-இல் வியன்னாவில் பில்ரோத் புற்றுநோய்க்காக முதன்முதலில் இந்த அறுவையைச் செய்தார். அதற்குப் பின் நோயாளிக்கு மூக்கு, வாய் வழி மூச்சு கிடையாது. அவசரத்தில் முகத்தில் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு துளியும் நுரையீரலுக்குப் போகாது. கழுத்துத் துளையில்தான் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் டிரக்கியாஸ்டமிக்குப் பச்சை, குரல்வளை நீக்கியவருக்குச் சிவப்பு என்று படுக்கையின் தலைமாட்டில் அட்டை மாட்டுகிறார்கள். செலவில்லாத ஏற்பாடு, நாளைக்கே தொடங்கலாம்.

இடுப்பு முறிந்த முதியவர் விஷயத்தில் விரைவே மருந்து. ஓரிரு நாளுக்குள் அறுவை, மறுநாளே எழுப்பி உட்காரவைத்தல், குழப்பம் வருகிறதா என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தல், குதிகாலிலும் முதுகின் கீழும் புண் வராமல் காத்தல் ஆகியவை முதன்மை. பாசத்தில் காலுக்கு எண்ணெய் தடவி அமுக்கிவிடும் உறவினரைத் தடுக்க வேண்டியிருக்கும். ஆடுதசைச் சிரையில் ரத்தம் உறைந்திருந்தால், அந்த அமுக்கலில் அது நுரையீரலுக்குப் போகலாம்.

வீட்டுக்கு அனுப்பும் அறிவுரை, நோயாளியின் வீட்டை அறிந்ததாக இருக்க வேண்டும். பின்பக்கமாகத் திறந்து இடுப்பு மூட்டு மாற்றியவர் 90 பாகைக்கு மேல் இடுப்பை மடக்கக் கூடாது. சம்மணமிட்டுத் தரையில் சாப்பிடுவது, தாழ்ந்த முக்காலி, குந்தி உட்காரும் கழிப்பறை மூன்றுக்கும் மாற்று ஏற்பாடு, அறுவைக்கு நாள் குறிக்கும்போதே பேசப்பட வேண்டும். ஃபிபுலா கொடுத்தவருக்குக் கணுக்கால் பயிற்சியும் விழுங்கும் பயிற்சியும் ஒரே தாளில் எழுதித் தரப்பட வேண்டும். புகையிலையை விட்டுவிட உதவும் ஆலோசனையும் அதே தாளில் சேர வேண்டும். கழுத்துத் துளையால் மூச்சு விடுபவர் மூச்சுவழியை ஈரத்துணியாலோ வடிகட்டியாலோ மூடி வைத்திருக்க வேண்டும். அவர் ஆற்றிலோ குளத்திலோ இறங்கிக் குளிக்கக் கூடாது. குளியலறையில் தண்ணீர் தோளுக்குக் கீழே மட்டும் படும்படி ஊற்றிக்கொள்ள, அறுவை முடிந்து வீடு போவதற்கு முன் வார்டிலேயே ஒரு முறை செய்து காட்டச் சொல்ல வேண்டும்.