சட்டம் மறுத்தவர்களின் சபை



இன்று டிசம்பர் 18, உலகக் குடிபெயர்ந்தோர் நாள். ஒரு தேவாலயம் பிறந்து வளர்ந்த வரலாற்றைச் சொல்ல இந்த நாளைவிடப் பொருத்தமான நாள் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் யூனியன் அவென்யூவில் நிற்கும் பிலிப்பினோ கிறிஸ்தவ சபையின் வரலாறு அது.

1898-இல் ஸ்பெயினின் கையிலிருந்த பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கைக்கு மாறியது. அந்தத் தீவு மக்களுக்கு விசித்திரமான ஒரு நிலை வாய்த்தது. அமெரிக்கக் கொடியின் கீழ் வாழலாம், அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறலாம். ஆனால் குடியுரிமை கிடையாது. 1906 டிசம்பரில் பதினைந்து பேர் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குப் போய் இறங்கினார்கள். 1924-இல் புதிய சட்டம் ஒன்று ஜப்பானியர்களின் வரவை அடைத்தபோது, கலிபோர்னியப் பண்ணைகளுக்குக் கூலி ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1930-இல் அந்த மாநிலத்தில் ஏறக்குறைய முப்பதாயிரம் பிலிப்பினோக்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். ஒரு பெண்ணுக்குப் பதினான்கு ஆண்கள் என்பது கணக்கு. அந்தத் தலைமுறையைப் பிலிப்பினோக்கள் இன்றும் 'மனோங்' தலைமுறை, அதாவது அண்ணன்மார் தலைமுறை என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த அண்ணன்மார் என்ன வேலை செய்தார்கள்? ஸ்டாக்டனைச் சுற்றிய வயல்களில் அஸ்பாரகஸ் அறுத்தார்கள். அது மண்ணுக்குள்ளிருந்து தண்டு தண்டாக முளைத்து வரும் காய்கறி வகை. ஒரு நாள் விட்டால் முற்றிப்போகும். ஆகவே விடியுமுன் வயலில் இறங்க வேண்டும். நீண்ட கத்தியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்தபடியே, பாத்தி பாத்தியாக நடக்க வேண்டும். கரும்புழுதி பறந்து கண்ணிலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு அரிக்கும். அந்தப் பருவம் முடிந்ததும் அலாஸ்காவுக்குப் போய் மீன் டப்பாத் தொழிற்சாலைகளில் வேலை. திரும்பி வந்தால் திராட்சை, லெட்டூஸ். நகரத்துக்கு வந்தவர்கள் ஓட்டல்களில் பாத்திரம் கழுவினார்கள், செல்வந்தர் வீடுகளில் எடுபிடி ஆட்களாக இருந்தார்கள். ஸ்டாக்டனில் ஒரு விடுதி வாசலில் "பிலிப்பினோக்களுக்கு அனுமதி இல்லை" என்று எழுதி வைத்தார்கள். 1930 ஜனவரியில் வாட்சன்வில் ஊரில் வெறிகொண்ட கும்பல்கள் பல நாள்கள் அவர்களை வேட்டையாடின. ஃபெர்மின் டோபேரா என்ற இளைஞர், தங்கியிருந்த கொட்டகைக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இப்படிப்பட்ட காலத்தில், 1928-இல், லாஸ் ஏஞ்சல்ஸில் சில்வெஸ்த்ரே மொரேல்ஸ் என்ற போதகர் சில பேரைக் கூட்டி ஒரு கிறிஸ்தவ ஐக்கியத்தைத் தொடங்கினார். பிலிப்பைன்ஸில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஆனால் 'டிசைப்பிள்ஸ் ஆஃப் கிறைஸ்ட்' என்ற பிராட்டஸ்டன்ட் சபையார் 1901 முதலே அங்கே, குறிப்பாக இலோக்கோஸ் பகுதியில், ஊழியம் செய்து வந்தார்கள். கலிபோர்னியாவுக்குக் கப்பல் ஏறியவர்களில் பலரும் இலோக்கோஸ் பகுதியைச் சேர்ந்தவர்கள்தாம். அந்தப் பழைய உறவில் ஊன்றிய வித்துதான் இந்த ஐக்கியம்.

அந்த நாள்களில் ஓர் இளைஞனின் வாரக்கூலி எங்கே போயிற்று என்று எண்ணிப் பாருங்கள். சூதாட்ட விடுதிகள் அவனுக்காகத் திறந்திருந்தன. ஒரு நடனத்துக்குப் பத்து சென்ட் என்று வாங்கும் நடனக்கூடங்கள் திறந்திருந்தன. மரியாதைக்குரிய கதவுகள் எல்லாம் மூடியிருந்தன. அவன் தலை நிமிர்ந்து உள்ளே வரவும், தாய்மொழியில் நாலு பேரோடு பேசவும் ஓர் இடம் வேண்டுமல்லவா? அந்த இடமாக ஐக்கியம் நின்றது.

1933-இல் ஐக்கியம் முறையான சபையாயிற்று. அதே 1933-இல் கலிபோர்னிய அரசு என்ன செய்தது தெரியுமா? வெள்ளைக்காரப் பெண்ணை மணக்க சால்வடோர் ரோல்டான் என்ற பிலிப்பினோ நீதிமன்றத்தில் உரிமை பெற்றார். உடனே சட்டமன்றம் கூடி, சட்டத்தைத் திருத்தி, அந்த மணங்களைத் தடை செய்தது. மறு ஆண்டு, 1934-இல், பிலிப்பைன்ஸிலிருந்து ஆண்டுக்கு ஐம்பது பேர்தான் வரலாம் என்று அமெரிக்க மைய அரசின் இன்னொரு சட்டம். 1935-இல், திரும்பிப் போகிறீர்களா, கப்பல் கட்டணம் நாங்கள் தருகிறோம் என்று மூன்றாவது சட்டம். குடும்பம் கூடாது, கூட்டம் பெருகக் கூடாது, இருப்பவர்களும் போய்விட வேண்டும் என்பதே இவற்றின் சாரம். நண்பர்களே, அரசு போகச் சொன்ன காலத்தில் இவர்கள் சபை அமைத்தார்கள்! நாங்கள் இங்கேதான் இருப்போம் என்று சொல்ல அவர்களுக்கு வாக்குச்சீட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுவதன் மூலமாகவே அதைச் சொன்னார்கள்.

பிறகு போர் வந்தது. 1942-இல் முதலாம் பிலிப்பினோ காலாட்படை உருவானபோது, விடுதிகள் துரத்திய அதே இளைஞர்கள் அமெரிக்கச் சீருடை அணிந்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளின் வரிசையைப் பாருங்கள். 1946-இல் லூஸ்-செல்லர் சட்டம் அவர்களுக்குக் குடியுரிமையின் கதவைத் திறந்தது. அந்தக் கதவு நமக்கும் திறந்த கதவு. இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்களாகலாம் என்று சொன்னதும் அதே சட்டம்தான். 1948-இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் கலப்பு மணத் தடையை உடைத்தது. அதே ஆண்டில், வெள்ளையரல்லாதார் இந்த வீட்டை வாங்கக்கூடாது என்று பத்திரத்தில் எழுதும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1950-இல் சபை யூனியன் அவென்யூக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. ஐக்கியம் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து! சபைக்குச் சுவர் முதலில் வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைக்க வேண்டும்.

சபையைச் சுற்றி மக்கள் குடியேறினார்கள். 1965-இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு செவிலியர்கள் வந்தார்கள், மருத்துவர்கள் வந்தார்கள், பிள்ளைகுட்டிகளோடு குடும்பங்கள் வந்தன. 1972-இல், 'அங்கிள் ராய்' என்று எல்லோரும் அன்போடு அழைத்த ராயல் மொரேல்ஸ், பிலிப்பினோ இளைஞர்களுக்காக 'சிபா' என்ற சேவை அமைப்பைத் தொடங்க முன்னின்றார். 1998-இல் தேவாலயத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தன் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 2002-இல் அந்த வட்டாரத்துக்கே 'வரலாற்றுப் பிலிப்பினோ நகர்' என்று பெயர் சூட்டியது.

இன்றைக்கும் எந்த ஊரில் பிலிப்பினோ சபை கூடினாலும் ஆராதனை முடிந்தபின் சேர்ந்து உண்பது வழக்கம். பன்சித் என்ற நூடுல்ஸ், வினிகரில் வெந்த அடோபோ கறி, லும்பியா ரோல் எல்லாம் வீட்டுக்கு வீடு சமைத்து வரும். நம் திருநெல்வேலிச் சீமையில் சபையார் அசனம் உண்பார்களே, அந்தப் பந்தியின் உறவை அங்கேயும் காணலாம். புதிதாக வந்தவன் வேலை எங்கே, வாடகைக்கு அறை எங்கே என்று விசாரிப்பதும் அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான்.

பெரியோர்களே, இன்று நம் ஊர்களுக்கும் பிழைப்புத் தேடி ஆயிரக்கணக்கானோர் ரயிலேறி வருகிறார்கள். திருப்பூரின் பின்னலாடை ஆலைகளில், சென்னையின் கட்டுமானத் தளங்களில் உழைக்கிறார்கள். அவர்களில் நாலு பேர் தங்கள் சாமியைக் கும்பிட, தங்கள் மொழியில் பாட, வாரத்தில் இரண்டு மணி நேரம் உங்கள் கூடத்தைக் கேட்டு வரலாம். வாடகை பேசுமுன் கதவைத் திறந்துவிடுங்கள். உங்கள் தெருவின் வரலாற்றில் அவர்களும் ஒரு பக்கம் எழுதட்டும். இதுவே இந்த மேடையிலிருந்து நான் விடுக்கும் வேண்டுகோள்.