கடன் அட்டையும் ஊர்ப் பயணமும்



கோடை விடுமுறையில் டில்லியிலிருந்து குடும்பத்தோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊர் செல்லும் நாம், செலவு செய்தாலே பயணச்சீட்டு இலவசம் என்னும் கடன் அட்டை விளம்பரங்களில் மயங்குகின்றோம். கணக்கிட்டுப் பார்ப்போமே! 100 ரூபாய்ச் செலவுக்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு 25 காசு எனக் கொள்வோம். ஆண்டுக் கட்டணம் 500 ரூபாயாயின், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து 590. அதனை மீட்கவே 2,36,000 ரூபாய் செலவழித்தாக வேண்டும்! வீட்டு வாடகைக்கும் பெட்ரோலுக்கும் பல அட்டைகள் புள்ளி தருவதில்லை. விமானம் ஏறாத வீட்டிற்கு விமான மைல்கள் எதற்கு? ரயில் சீட்டாக மாறும் புள்ளியே நமக்கு ஏற்றது. அதுவும் குளிர்சாதன வகுப்புக்கு மட்டுந்தானா என வினவியறிதல் நன்று.

கெடுநாளுக்குள் முழுத்தொகையும் கட்டாதவரிடம் மாதம் மூன்றரை விழுக்காடு அளவில் வட்டி வாங்குகின்றனர். தீபாவளிச் செலவை நிலுவை வைத்த நம்மவர் சிலர், புள்ளிகளின் மதிப்பை வட்டியாகக் கட்டிவிட்டு, அக்கோடையில் ஊருக்கே செல்லவில்லை.