கொள்ளைக்காரன் கொடியும் புரூனும்



1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. இதெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் போர்க்காலத்தில் இங்கே தங்கியிருந்த படையினர் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

1944 இல் நம்முடைய துறைமுகத்தில் ‘அடமன்ட்’ என்ற தாய்க்கப்பல் நின்றது. மலாக்கா நீரிணைப் பக்கம் ரோந்து போய்வரும் பிரித்தானிய நீர்மூழ்கிகளுக்கு அதுதான் வீடு. அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெற்றியோடு திரும்பும் நீர்மூழ்கி, மண்டையோடு போட்ட கறுப்புக் கொடியை ஏற்றிக்கொண்டு வரும். கடற்கொள்ளைக்காரன் கொடிதான்! மூழ்கடித்த கப்பலுக்கு ஒரு பட்டை, பீரங்கிச் சண்டைக்குக் குறுக்கே வைத்த பீரங்கிகள், இரகசியமாக ஆளிறக்கிய வேலைக்கு ஒரு குத்துவாள் என்று கணக்கெல்லாம் கொடியிலேயே இருக்கும். பெரும்பாலும் மாலுமிகளே வெட்டி ஒட்டித் தைத்த கேலிச்சித்திரம் அது. கதை பழையது. நீர்மூழ்கியில் வருகிறவனைக் கொள்ளைக்காரனாகத் தூக்கில் போடவேண்டுமென்று ஆர்தர் வில்சன் என்ற பிரித்தானிய அட்மிரல் ஒருகாலத்தில் சொன்னாராம். 1914 இல் மக்ஸ் ஹோர்ட்டன் என்ற நீர்மூழ்கிக் கப்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பலை மூழ்கடித்துவிட்டு, அந்தக் கொடியையே கட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தார். பகிடி எதிரிக்கல்ல, சொந்த அட்மிரலுக்கு.

1944 இல் இங்கிருந்து ரோந்து போன ‘ஸ்டோர்ம்’ நீர்மூழ்கியின் கப்டன் எட்வர்ட் யங். அவர் வரைந்த படமொன்று உலகம் முழுக்கத் தெரிந்தது. பென்குயின் புத்தக அட்டையில் நிற்கும் பறவையை 1935 இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலைக்குப் போய் முதன்முதலில் வரைந்தவர் அவரே. பின்னாளில் அவர் எழுதிய நீர்மூழ்கி அனுபவ நூல், பென்குயினின் ஆயிரமாவது வெளியீடாக 1954 இல் வந்தது.

பிரித்தானிய விமானப்படைக்காரரின் நாயகன் வேறொருவன்: பைலட் ஒபிசர் புரூன். விமானப்படையிலேயே இருந்த பில் ஹூப்பர் வரைந்த முழு மடையன். 1941 இல் தொடங்கிய ‘டீ எம்’ என்ற பயிற்சிச் சஞ்சிகையில் மாதந்தோறும் வருவான். விமானி செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்வான், ஒருபோதும் திருந்தமாட்டான். போர்க்காலத்தில் எதிரி சுடாமலே, வெறும் கவனயீனத்தால் உடைந்த விமானங்கள் ஏராளம். சுற்றுநிருபம் அனுப்பினால் யார் வாசிக்கிறார்கள்? புரூனை வாசித்தார்கள். அதோடு நிற்கவில்லை. உண்மையாகவே மடைத்தனம் செய்த படையினருக்கு ‘அசையா விரல்’ என்றொரு போலிப் பதக்கம், வீரப் பதக்கத்துக்கு எழுதுவதுபோலவே பாராட்டுரையோடு அச்சாகும்! அதிகாரிகளே இதற்குக் காசு செலவழித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். சிரிப்பு விமானத்தைவிட மலிவு என்று கணக்குப் பார்த்திருப்பார்கள்.

எல்லாத் தளபதிக்கும் அந்தக் கணக்கு விளங்கவில்லை. தாடி வழிக்காத, சேறு படிந்த அமெரிக்கச் சிப்பாய்களை வரைந்த பில் மோல்டினை ஜெனரல் பற்றன் கூப்பிட்டு ஏசினார். அந்த வருடம், 1945 இல், மோல்டினுக்குப் புலிற்சர் பரிசு கிடைத்தது.

இவை வெள்ளைக்காரர் வரைந்த பகிடிகள். அதே காலத்தில் கடற்படை டொக்யார்ட்டில் நம்மவர்களும் வேலை செய்தார்கள். அவர்களும் துரைமாரைப் பார்த்துச் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்? உங்கள் அப்பப்பா, அம்மப்பா சொன்ன அப்படியொரு பகிடி வீட்டில் இன்னும் புழங்கினால், நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள்.