கடனில்லாக் கல்வி



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாள்களில் நம் கிராமங்களில் இரு வகை வீடுகளைக் காணலாம். பல்கலைக்கழக இடம் கிடைத்த வீட்டில் மகிழ்ச்சி ஓங்குகின்றது. சில புள்ளிகளால் இடம் தவறிய வீட்டிலோ, தந்தையார் பெட்டியைத் திறந்து காணி உறுதியை எடுத்துப் பார்க்கின்றார். தாயாரின் கை கழுத்துச் சங்கிலியைத் தடவுகின்றது. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று இடந்தர முன்வந்துள்ளது. காணியை ஈடு வைத்தால் பிள்ளை படித்துவிடுவான் என்று யோசனை கூறுவோர் பலர். உறுதியில் கையொப்பமிடுமுன் அறிய வேண்டியவை சில உள.

முதலில் நம் நாட்டு நிலையை நோக்குவோம். கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. எனினும் உணவும் உறையுளும் புத்தகமும் செலவின்றிக் கிடைப்பதில்லை. அக்குறையை ஓரளவு நீக்கவே 1981 ஆம் ஆண்டின் சட்டத்தினால் மகாபொல நிதியம் அமைக்கப்பட்டது. திறமையும் குடும்ப வருமானமும் நோக்கி அது மாதந்தோறும் உதவுகின்றது. அது கிட்டாத வறிய மாணவர்க்குப் பர்சரி என்னும் நிதியுதவி உண்டு. “எங்களுக்கு யார் தரப்போகிறார்கள்?” என்று விண்ணப்பத்தையே நிரப்பாது விடும் குடும்பங்கள், தமக்குரியதைத் தாமே இழக்கின்றன.

இனி வெளிநாட்டுக் கல்வி. புலமைப்பரிசில் என்ற பெயரைத் தாங்கிய யாவும் ஒரு தன்மையன அல்ல. கட்டணத்திற் பாதியைக் குறைப்பதும் புலமைப்பரிசில் எனவே விளம்பரம் செய்யப்படுகின்றது. எஞ்சிய பாதியையும், நான்கு ஆண்டுச் சாப்பாட்டையும், வீட்டு வாடகையையும் யார் கொடுப்பது? ஆதலின் ‘முழு’ என்ற சொல்லைக் கண்டவுடன் ஆறு கேள்விகள் கேட்க வேண்டும். கட்டணம், உறைவிடம், உணவு, புத்தகம், மருத்துவம், பயணம் ஆகிய ஆறும் அதனுள் அடங்குமா? எது அடங்கவில்லையோ, அதுவே பின்னர் கடனாக வந்து நிற்கும்.

இந்திய அரசு இலங்கை மாணவர்க்கு வழங்கும் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில், முதற் பட்டத்துக்குரிய கட்டணத்தோடு மாதப்படியும் உறைவிடப்படியும் புத்தகச் செலவும் தருகின்றது. 1960 இல் முதல் மாணவரை அனுப்பிய பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டத்தின் கீழ் பிரித்தானியா வழங்குவது, பெரும்பாலும் பட்டம் பெற்ற பின் மேற்படிப்புக்குரியது. உள்நாட்டிற் பட்டம் பெற்ற பின்னும் வழி அடைபடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2001 ஆம் ஆண்டில், தன் உதவித் திட்டத்திலிருந்து கடனை நீக்கி, திருப்பிக் கொடுக்க வேண்டாத மானியத்தை அதனிடத்தில் வைத்தது. கென்டக்கி மாநிலத்தில் 1855 இல் நிறுவப்பட்ட பெரியா கல்லூரியிலோ மாணவர் எவரும் படிப்புக் கட்டணம் செலுத்துவதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் வாரந்தோறும் குறைந்தது பத்து மணி நேரம் கல்லூரியில் வேலை செய்தல் வேண்டும். விளக்குமாறு கட்டுதலும் துணி நெய்தலும் அங்குள்ள தொழில்களில் அடங்கும். உழைத்துக் கற்பதில் இழிவில்லை என்பது அக்கல்லூரியின் கொள்கை. இத்தகைய இடங்களில் வெளிநாட்டார்க்குரியவை மிகச் சிலவே; போட்டியும் கடுமையானது.

ஆகவே, பெறுபேறு வந்த பின் அலைவதை விடுத்து ஓராண்டு முன்னரே தொடங்குதல் நன்று. அறிவித்தலைத் தூதரகத்திலோ பல்கலைக்கழகத்திலோ நேரே கேட்டு உறுதிப்படுத்துக. மாணவனை நன்கறிந்த ஆசிரியரிடம் சான்றுக் கடிதத்தை உரிய காலத்திற் பெறுக. நாடு திரும்பிப் பணியாற்ற வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை வாசித்தறிக. புலமைப்பரிசில் வாங்கித் தருவதாக முற்பணம் கேட்போரை வாசலோடு அனுப்புக.

ஒரு முறை விண்ணப்பம் தவறினால் ஓராண்டு காத்திருக்கலாம். இடையில் ஒரு தொழிலையோ மொழியையோ கற்கலாம். அந்த ஆண்டு வீணாவதன்று. ஈடு வைத்த காணி மூழ்கிப் போனாலோ, அண்ணன் படிப்பின் வட்டியைத் தம்பியின் படிப்பும் தங்கையின் வாழ்வும் செலுத்த நேரிடும். வழிகள் அனைத்தையும் தட்டிப் பார்க்கும்வரை காணி உறுதி பெட்டியிலேயே இருக்கட்டும்.