சந்து செய்வித்த சான்றோர்



கலகம் மூண்டபின் காவற்படையை அனுப்புதல் அரசின் கடமை. கலகம் மூளாமற் காத்தலும், மூண்ட பகையை வேரோடு தணித்தலும் ஊராரின் கடமை. பகைத்து நின்ற இரு திறத்தாரையும் இணங்கச் செய்யும் பணியைச் ‘சந்து செய்வித்தல்’ என்பது தமிழ் வழக்கு. அப்பணியைப் புலவர் பெருமக்கள் மேற்கொண்டமைக்குப் புறநானூறே சான்று.

சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றியிருந்தான்; நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்து உள்ளிருந்தான். கோவூர்கிழார் இருவரையும் நோக்கிப் பாடினார். இருவரும் அணிந்தது ஆத்திக் கண்ணியே. எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி. இருவரும் வெல்லுதல் இயலாது என்பது அப்பாட்டின் (புறம் 45) கருத்து. எவர் பக்கம் நியாயம் என அவர் தீர்ப்புரைக்கவில்லை. இருவர்க்கும் பொதுவான இழப்பையே எடுத்துக்காட்டினார்.

மலையமானின் சிறுவர்களைக் கிள்ளிவளவன் யானைக் காலில் இடவிருந்தபோது அவர்களை உய்யக் கொண்டவரும் அவரே. கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மேற் போருக்கு எழுந்தபோது தடுத்துரைத்தவர் புல்லாற்றூர் எயிற்றியனார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார்.

இவர்களிடம் படையில்லை, பொருளில்லை. எனினும் வேந்தர் செவிசாய்த்தனர். எந்த அவையிலும் புகத்தக்க நம்பிக்கையை அவர்கள் பகை வருமுன்னரே ஈட்டியிருந்தனர். வலியவன் முகத்துக்கு நேரே கசப்பான உண்மையைச் சொல்லினும், அவன் மானம் குன்றாவாறு சொல்லினர். நடுவு நிற்போர்க்கு இவ்விரண்டுமே முதல்.

ஆயினும், ஒருவர் சொல் மட்டும் போதுமா? நெடுங்கிள்ளி ‘காரியாற்றுத் துஞ்சிய’ என்னும் அடையோடே வரலாற்றில் நிற்கிறான். காரியாற்றில் நடந்த போரில் அவன் மாண்டான் என்பர் ஆய்வாளர். காக்க ஆளில்லாத அமைதி நிலைப்பதில்லை.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. அவ்வேந்தர் இருவரும் நிகரானவர்கள். ஒரு சாரார் மிதிப்போராகவும் மறுசாரார் மிதிபடுவோராகவும் உள்ள ஊரில், “இருவரும் விட்டுக்கொடுங்கள்” என்பது நடுவுநிலை ஆகாது.

மதுரை மாவட்டத்து உத்தப்புரம் இதற்குச் சான்று. 1989ஆம் ஆண்டுக் கலவரத்தையடுத்து அங்கு எழுந்த நெடுஞ்சுவர், தாழ்த்தப்பட்ட மக்களின் வாழிடத்தைப் பிரித்து நின்றது. சண்டையைத் தடுக்கும் சுவர் என்று சிலர் அதனை நியாயப்படுத்தினர். அது பகையைத் தடுக்கவில்லை. ஈராண்டல்ல, ஏறத்தாழ இருபதாண்டு பாதுகாத்தது. 2008 மே 6ஆம் நாள் மாவட்ட நிருவாகம் சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. பதற்றம் உடனே அடங்கிவிடவில்லை. 2011 அக்டோபரில் இரு சாராரும் அமர்ந்து பேசி உடன்பாடு கண்டனர். நவம்பர் 10ஆம் நாள் தாழ்த்தப்பட்ட மக்கள் முத்தாலம்மன் கோயிலுள் சென்று வழிபட்டனர். பின்னரும் அவ்வூரில் சச்சரவுகள் தலைதூக்கின. நீதி முதற்படி, உடன்பாடு இரண்டாம் படி, அதனை நாள்தோறும் பேணுதல் முடிவில்லாத மூன்றாம் படி.

அம்மூன்றாம் படியை ஒரு சந்தையிலிருந்து தொடங்கியவர்கள் கென்யா நாட்டு வஜீர் நகரப் பெண்கள். 1990களின் தொடக்கத்தில் அங்குக் குலப்பகை உயிர்களைக் குடித்தது. எக்குலத்துப் பெண்ணும் அச்சமின்றி வாங்கவும் விற்கவும் சந்தை திறந்திருக்க வேண்டும் என்று பல குலப் பெண்கள் ஒன்றுகூடி முடிவெடுத்தனர். பின்னர் முதியோரும் இளைஞரும் இணைய, அமைதிக் குழு உருவாயிற்று. அப்பெண்களுள் ஒருவரான தேகா இப்ராகிம் அப்தி 2007இல் வாழ்வுரிமை விருது பெற்றார்.

வேப்பம்பட்டுக்கு இவை தொலைவான செய்திகள் அல்ல. சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையையொட்டி மனைப்பிரிவுகள் பெருகிய ஊர்களில், பழங்குடியினரும் பல மாவட்டங்களிலிருந்து வந்தோரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். மழைநீர் எவ்வழி வடிவது, விழா ஊர்வலம் எத்தெருவிற் செல்வது என்பவைபோன்ற சிறு பூசல்களே, பேச இடமில்லாதபோது பெரும்பகையாகின்றன.

இலக்கிய மன்றம் அத்தகைய பேச்சுக்குரிய இடம். பத்தாண்டு நிறைவில் மன்றம் தன் உறுப்பினர் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்த்தல் நன்று. எந்தத் தெருவிலிருந்து இன்னும் ஒருவரும் வரவில்லை? அவர்கள் வீட்டுக் கதவைப் பகை வருமுன்னரே தட்டுவோரே கோவூர்கிழாரின் வழியினர்.